40 மைக்ரான் பளபளப்பு: ஓ.எம்.ஆர் கார்களுக்கு எந்த பாலிஷர், எந்த பேட்?

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் சிறுசேரி சிப்காட் வாசலில் நின்று, வெளியே வரும் கார்களின் பானெட்டை மட்டும் கவனித்துப் பாருங்கள். மேற்கிலிருந்து வெயில் சாய்வாக விழும் நேரம் அது. கறுப்பு, அடர் நீலம், சிவப்பு கார்களில் சிலந்தி வலை பின்னின மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் பளிச்சென்று தெரியும். பல கார்களின் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் வாங்கி இரண்டு, மூன்று வருஷம்கூட ஆகியிருக்காது. இஎம்ஐ இன்னும் பாதி பாக்கி, பெயின்ட் மட்டும் பத்து வயசு ஆனது போல மங்கிப்போயிருக்கும்.

இந்தக் கோடுகளுக்குப் பெயர் ஸ்வர்ல் மார்க். நாவலூர், படூர், கேளம்பாக்கம் பக்கம் கார் டீடெய்லிங் கடைகளின் போர்டு கண்ணில் படாமல் ஒரு கிலோமீட்டர் போக முடியவில்லை. கடைக்குப் போக மனசில்லாதவர்கள், யூடியூப் பார்த்துவிட்டு ஆன்லைனில் ஒரு பாலிஷிங் மெஷினை ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கே மெஷின் கிடைக்கிறது. வார இறுதியில் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வேலை ஆரம்பம். பலருக்கு அங்கேதான் சிக்கலும் ஆரம்பம்.

திடீரென்று ஏன் இவ்வளவு ஆர்வம்? காரணங்கள் நம் கண் முன்னாலேயே இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது, செஸ்ஸும் போனது. அந்தத் தீபாவளிக்குப் புது கார் எடுத்த குடும்பங்கள் தாம்பரம், மேடவாக்கம், சிறுசேரி பக்கம் ஏராளம். அந்தப் புது கார்கள் ஓடுகிற சாலையோ ஓ.எம்.ஆர். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 3-வது வழித்தடம் சுமார் 45 கிலோமீட்டர். அதன் தென்பகுதி முழுக்க இந்தச் சாலையின் நடுவில்தான் தூண்களாக எழுந்து வந்தது. தோண்டிய மண், சிமென்ட், ரெடிமிக்ஸ் லாரிகள் கிளப்பும் புழுதி என எல்லாம் வந்து உட்காரும் இடம் நம் கார்கள்தான்.

அடுத்தது தண்ணீர். நெம்மேலியில் 2013-ல் தினம் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று திறக்கப்பட்டது. அப்படியிருந்தும் ஓ.எம்.ஆரின் பல அபார்ட்மென்ட்டுகள் இன்றைக்கும் லாரித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் நம்பித்தான் இருக்கின்றன. 2019 ஜூனில் தண்ணீர் இல்லாமல் ஐ.டி கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது இந்தப் பகுதிக்காரர்களுக்கு மறந்திருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் காருக்கு ஹோஸ் பைப் பிடித்துத் தண்ணீர் அடிக்க யாருக்கும் மனசு வராது, அசோஸியேஷனும் விடாது. விளைவு, ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு துணி, அதில் வரிசையாக எட்டு, பத்து கார்கள்.

ஸ்வர்ல் மார்க் பிறக்கும் இடம் இந்த பக்கெட்தான். முதல் காரில் துடைத்த மணல் துகள், துணியோடு சேர்ந்து அடுத்த காரின் கதவில் கோடு போடுகிறது. தினமும் துடைத்தால் வருஷத்துக்கு முந்நூறு தடவை. ஒரு சுவாரஸ்யமான விஷயம், அந்தக் கீறல்கள் உண்மையில் வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருக்கும் கீறல்கள் மட்டும் மின்னுவதால், சூரியனைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி நம் கண்ணுக்குத் தெரிகிறது. துணியை வட்டமாகச் சுற்றாமல் நேராகத் துடைத்தால் ஸ்வர்ல் வராது என்று சொல்வதில் அதனால்தான் பெரிய அர்த்தம் இல்லை. துணியில் மணல் இருந்தால் எப்படித் துடைத்தாலும் கீறும்.

தேய்க்கத் தேய்க்கக் குறையும் சொத்து

மெஷின் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். அம்பாஸடர், பிரீமியர் பத்மினி காலத்தில் வண்ணப் பூச்சுதான் கடைசி அடுக்கு. வெளுத்துப்போனால் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பார்கள், துணியில் கார் கலரே ஒட்டி வரும். இன்றைய கார்களில் அப்படியில்லை. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், பேஸ் கோட் எனப்படும் வண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான். அதில் கிளியர் கோட் தோராயமாக 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியே அதைவிட மொத்தமாக இருக்கும்.

பளபளப்பு, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சக்தி இரண்டுமே இந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கின்றன. பாலிஷ் என்றால் எதையோ பூசுவது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இல்லை, பாலிஷ் என்றால் சீவி எடுப்பது. கீறலின் அடி ஆழம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சமமாகத் தேய்த்து எடுத்தால் கீறல் மறைந்துவிடும். மிதமான பேட், மிதமான பாலிஷ் என்றால் ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு மைக்ரான் போகும். கட்டிங் பேடும் காம்பவுண்டும் என்றால் மூன்று, நான்கு அல்லது அதற்கு மேல். கிளியர் கோட்டில் கால்வாசிக்கு மேல் எடுத்தால் ஆபத்து என்பது தொழிலில் இருப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. ஆக, ஒரு காரின் வாழ்நாளில் முழு பாலிஷுக்கு உங்களிடம் இருப்பது நாலைந்து வாய்ப்புகள்தான். 'ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரப்பிங் பாலிஷ் ஃப்ரீ சார்' என்று யாராவது சொன்னால் சந்தோஷப்பட வேண்டியதில்லை.

கிளியர் கோட் ஒரு கட்டத்துக்குமேல் மெலிந்துவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று சென்னைக் கோடைகள் கழித்து ரூஃபிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், வெயிலில் காய்ந்த தோல் போல உரியும். அதற்குப் பாலிஷில் தீர்வு கிடையாது. அந்த பேனலை ரீபெயின்ட் பண்ண வேண்டியதுதான். கம்பெனி பெயின்ட் 140 டிகிரி வாக்கில் சூளையில் சுட்டு இறுகியது. வெளியில் அடிக்கும் பெயின்ட்டை அதிகபட்சம் 60 டிகிரி பூத்தில்தான் காய வைக்க முடியும். அந்த வித்தியாசம் கடைசி வரை இருக்கும்.

மூன்று மெஷின்கள், ஒரு பெரிய வித்தியாசம்

ஆன்லைனில் 'கார் பாலிஷர்' என்று தேடினால் வரும் மெஷின்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது ரோட்டரி. நடுவில் ஓர் அச்சு, அதைச் சுற்றி பேட் ஒரே வட்டமாகச் சுழலும். நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று வரை வைத்துக்கொள்ளலாம். டிங்கரிங், பெயின்டிங் கடைகளில் பல வருஷமாகப் புழங்குவது இதுதான். வேகமாக வெட்டும், ஆழமான கீறலையும் எடுக்கும். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு விநாடி கூடுதலாக நின்றாலும் சூடு ஏறிவிடும், கதவு விளிம்பில் லேசாகச் சாய்ந்தாலும் பிரைமர் எட்டிப் பார்க்கும். கை பழகாதவர் ஓட்டினால் வெயிலில் வளையல் வளையலாக ஒரு மினுமினுப்பு தெரியும். ஹாலோகிராம் என்பார்கள். பழைய ஸ்வர்லை எடுத்துவிட்டுப் புதிதாக இன்னொன்றைப் போட்டுக்கொள்ளும் கதை இது.

இரண்டாவது டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. இதில் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே, மையம் விலகி இன்னொரு சிறு வட்டத்திலும் ஆடும். பூமி தானும் சுழன்று சூரியனையும் சுற்றுகிற மாதிரி. ஒரே புள்ளியில் உராய்வு விழாததால் சூடு குறைவு, ஹாலோகிராம் பயமும் குறைவு. ரொம்ப அழுத்தினால் பேட் சுற்றுவதையே நிறுத்திவிடும். புதியவர்களுக்கு அது குறையல்ல, பாதுகாப்பு.

மூன்றாவது ஃபோர்ஸ்டு ரொட்டேஷன். டி.ஏ மாதிரியே ஆடும், ஆனால் கியர் வைத்துச் சுற்றுவதால் அழுத்தினாலும் நிற்காது. ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனத்தின் 8 மி.மீ மெஷின் இந்த வகையில் பெயர் பெற்றது. கைக்கு அதிர்வு அதிகம். வாரம் நாலு கார் செய்கிறவருக்குச் சரி, வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிறவருக்குத் தேவையில்லை.

இந்த மூன்றிலும் சேராத இரண்டு மெஷின்களையும் நம் ஊரில் காருக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, ஆங்கிள் கிரைண்டரில் வெல்க்ரோ பிளேட் மாட்டி ஓட்டுவது. சாதாரண நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். பாலிஷருக்கு அதிகபட்சம் 3,000. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். கிரைண்டரைக் காரின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று, மர வேலைக்கான ஆர்பிட்டல் சாண்டர். இது ஆபத்தில்லை, ஆனால் அதன் ஆட்டம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். வாக்ஸ் தடவலாம், கீறல் எடுக்க முடியாது.

டி.ஏ வாங்குவது என்று முடிவு செய்தால் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது வாட்ஸ் அல்ல, ஆர்பிட். அதாவது பேட் எத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது என்ற அளவு. 8, 12, 15, 21 மி.மீ என்று வரும். மிலன் நகரில் 1947-ல் தொடங்கிய இத்தாலிய நிறுவனமான ரூபஸ், 15, 21 மி.மீ மெஷின்களைப் பிரபலமாக்கியது. அதைப் பார்த்து சீனத் தயாரிப்புகள் வரிசை கட்டி வந்துவிட்டன. ஆர்பிட் பெரிசாக இருந்தால் தட்டையான பரப்பில் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வளைவில் பேட் நின்று நின்று ஓடும். ஸ்கார்ப்பியோ, இன்னோவா மாதிரி அகலமான பேனல் உள்ள வண்டிக்கு 21 சௌகரியம். ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி உடம்பெல்லாம் வளைவாக இருக்கும் சின்ன கார்களுக்கு 8 அல்லது 12 போதும். ஒரே ஒரு மெஷின்தான் என்றால் என் ஓட்டு 15 மி.மீ-க்கு. அதில் 5 இஞ்ச் பேக்கிங் பிளேட், அதற்கு ஐந்தரை இஞ்ச் பேட். ஆறு இஞ்ச் பிளேட்டோடு வரும் மெஷின்கள் வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் பெரிசு. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, பம்பர் மூலைக்குள் அது போகாது.

சிப்காட் வாசகர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. ஆன்சைட் போய்விட்டு வரும்போது அமெரிக்காவிலிருந்து ஆஃபரில் பாலிஷர் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மெஷின். நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அன்றைக்கே கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம். 900 வாட்ஸ் மெஷினுக்கு 1,500 வாட்ஸாவது தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலை, அதைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்ட்டில் காரைச் சுற்றிச் சுற்றி வரும் அவஸ்தை இரண்டையும் கூட்டிப் பார்த்தால் அந்த ஆஃபர் ஆஃபரே இல்லை. ஜெர்மனி, பிரிட்டன், சிங்கப்பூரிலிருந்து வரும் மெஷின்களுக்கு பிளக் மாற்றினால் போதும்.

இங்கேயே வாங்கும் டி.ஏ மெஷின்கள் ஆறாயிரம், ஏழாயிரத்தில் தொடங்குகின்றன. இத்தாலி, ஜெர்மனி பெயர்கள் முப்பதாயிரத்தைத் தாண்டும். வருஷத்துக்கு இரண்டு கார் செய்கிறவருக்கு இந்த விலை வித்தியாசம் பெயின்ட்டில் தெரியாது, கை வலியில் தெரியும். மெஷினில் மிச்சம் பிடித்து பேடில் செலவு செய்யுங்கள் என்பதுதான் என் கட்சி.

கலரைப் பார்த்து பேட் வாங்காதீர்கள்

மெஷினைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள், பேடை மட்டும் 'செட்டோட வந்துச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். பெயின்ட்டைத் தொடுவது பேடும் பாலிஷும்தான், மெஷின் இல்லை.

ஃபோம், மைக்ரோஃபைபர், கம்பளி என்று மூன்று பொருள்களில் பேட் வருகிறது. கம்பளி வேகமாக வெட்டும், ரோட்டரிக்காரர்களின் தோழன். மைக்ரோஃபைபர், டி.ஏ-வில் கட்டிங்குக்கு நல்லது. ஆனால் நம் பெயின்ட்டில் லேசான மங்கலை விட்டுப் போகும், பின்னால் ஃபோமில் இன்னொரு ரவுண்ட் போட வேண்டியிருக்கும். வீட்டுக்காரர்களுக்கு ஃபோம்தான் சரி. அதில் கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என்று கடினத்தன்மையை வைத்து மூன்று படிகள்.

எது எந்தப் படி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கலர் என்று பதில் வரும். அங்கேதான் ஏமாறுகிறோம். கலருக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ரூபஸில் மஞ்சள் என்றால் மென்மையான ஃபினிஷிங் வகை. அமெரிக்காவின் லேக் கன்ட்ரியில் அதே மஞ்சள், கடுமையான கட்டிங் பேட். மெக்வையர்ஸில் மஞ்சள் நடுத்தர பாலிஷிங். ஒரு கம்பெனியின் வீடியோவைப் பார்த்துவிட்டு இன்னொரு கம்பெனியின் மஞ்சள் பேடை வாங்கினால், லேசாகத் தடவ நினைத்து நாலு மைக்ரானை வழித்தெடுத்துவிடுவீர்கள். பேர் போடாத ஐந்து கலர் செட்டில் எந்தக் கலர் எதற்கு என்று விற்கிறவருக்கே தெரியாது. கலரை விடுங்கள், அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள், விரலால் அமுக்கிப் பாருங்கள். கட்டிங் பேட் விறைப்பாகத் திரும்பித் தள்ளும், ஃபினிஷிங் பேட் இட்லி மாதிரி அமுங்கும்.

எத்தனை பேட் வேண்டும்? 'ஒண்ணு போதாதா' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். போதாது. ஒரு செடானுக்கு ஒரே வகையில் குறைந்தது நாலு பேடாவது வேண்டும். இரண்டு பேனல் முடிவதற்குள் ஃபோம் பாலிஷில் ஊறி, சூடாகி, தொளதொளத்துவிடும். சென்னைச் சூட்டில் இன்னும் சீக்கிரம். சூடு ஏறினால் பேடின் நடுவில் வெல்க்ரோ பசை இளகிப் பிய்ந்துகொண்டு வரும். நடுவில் ஓட்டை போட்ட பேட்கள் வருவது அந்தச் சூட்டை வெளியேற்றத்தான். ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் பிரஷ்ஷால் பேடைச் சுத்தம் செய்து, அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். ஆக, பாலிஷிங் பேட் நாலு, ஃபினிஷிங் இரண்டு, அவசரத்துக்குக் கட்டிங் ஒன்று. மூலைகளுக்கு மூன்று இஞ்ச் பிளேட்டும் அதற்கு இரண்டு பேடும் இருந்தால் நல்லது. ரொம்பத் தடிமனான பேட் வேண்டாம். 15, 21 மி.மீ ஆட்டத்தைத் தடித்த ஃபோம் தானே விழுங்கிவிடும்.

கீழே விழுந்த பேடை மட்டும் தட்டிவிட்டு மாட்டிவிடாதீர்கள். பேஸ்மென்ட் தரையின் ஒரு மணல் துகள் போதும், அரை நாள் வேலை காலி.

வேலை செய்யும் நாளில்

பாலிஷ் போடுவதில் பாதி வேலை, மெஷினை ஆன் பண்ணுவதற்கு முன்பே முடிகிறது. நன்றாகக் கழுவி, கிளே பார் ஓட்டி, ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்க வேண்டும். தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் ரயில் பாதையை ஒட்டி கார் நிறுத்துகிறவர்கள் கதவைத் தடவிப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். பிரேக்கும் தண்டவாளமும் உரசிப் பறக்கும் இரும்புத் துகள்கள் அவை. அவற்றைக் கரைக்க அயர்ன் ரிமூவர் என்றே ஒரு திரவம் கிடைக்கிறது. அதை எடுக்காமல் மெஷின் ஓட்டினால், அந்த இரும்புப் பொடியை வைத்தே பெயின்ட்டைத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் பிளாஸ்டிக், ரப்பர், கூர்மையான விளிம்புகளுக்கு பெயின்டர் டேப். விளிம்பில் கிளியர் கோட் இயல்பிலேயே மெலிசு. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு கடத்தாது, அங்கே அழுத்தம் கூடாது.

பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஒரு சதுரத்தை எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே மென்மையான பேட், மென்மையான பாலிஷில் தொடங்குங்கள். பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷின் பெயின்ட்டைத் தொட்ட பிறகே ஆன் பண்ண வேண்டும், இல்லையென்றால் சட்டையெல்லாம் பாலிஷ். டயலில் 4 அல்லது 5. குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தடவை, விநாடிக்கு ஓர் இஞ்ச் என்ற நிதானத்தில். பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பேட் சுற்றுகிறதா, சும்மா அதிர்கிறதா என்று ஓடும்போதே தெரிந்துவிடும். இந்தச் சின்ன வித்தை பல ஆயிரம் ரூபாய் மெஷினைவிட உபயோகமானது.

துடைத்துவிட்டு உடனே 'ஆஹா' என்று போட்டோ எடுக்காதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் நிரம்பி மறைத்திருக்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு தடவை துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் நிஜம். எண்பது சதவிகிதம் போயிருந்தால் போதும், அதே கூட்டணியை கார் முழுக்க ஓட்டுங்கள். போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி ஏறுங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறலை விட்டுவிடுங்கள். அது கிளியர் கோட்டைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதைத் துரத்திப் போய்த்தான் நிறைய பேர் பேனலையே இழக்கிறார்கள். பேடில் கார் கலர் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். ஒன்று கிளியர் கோட் போயிருக்கிறது, அல்லது அது கிளியர் கோட்டே இல்லாத சாதா வெள்ளை மாதிரியான ஒற்றை அடுக்கு பெயின்ட்.

இந்த வேலைக்கு வெயில் ஆகவே ஆகாது. பேஸ்மென்ட் என்றால் ஈரத் தரையில் ஒயர் கிடக்கக் கூடாது, நீங்கள் செருகும் லைனில் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முகத்துக்கு மாஸ்க், காதுக்குப் பஞ்சு. ஒரு ஹேட்ச்பேக்குக்கே ஒரு முழு நாள் ஆகும்.

'9ஹெச்' என்கிற மந்திரம்

சொந்தமாகச் செய்ய நேரமில்லை என்று கடைக்குப் போகிறவர்களிடம் அடுத்து விற்கப்படுவது செராமிக் கோட்டிங். 'சார், 9ஹெச் ஹார்ட்னஸ், அஞ்சு வருஷத்துக்குக் கீறலே விழாது' என்பது வழக்கமான வசனம். அந்த 9ஹெச் வைரத்தின் கடினத்தை அளக்கும் அளவுகோல் அல்ல, பென்சில் அளவுகோல். கடினமான பென்சிலால் கீறிப் பார்க்கும் ஒரு சோதனை. அதில் பாஸானது மணலுக்குத் தாங்கும் என்று அர்த்தமில்லை. செராமிக் கோட்டிங் போட்டால் தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு எளிதில் கழுவ வரும், பறவை எச்சத்துக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அது வரைக்கும் நல்ல பொருள்தான். பக்கெட் துணிக்கு அது கவசமல்ல.

நம் ஊர் போர் தண்ணீரில் அது இன்னொரு தொல்லையையும் கொடுக்கும். உருண்டு நிற்கும் துளி அப்படியே காய்ந்தால் கால்சியம் வட்டம் வட்டமாகப் படிந்துவிடும். ஆர்.ஓ மெஷினில் கழியும் தண்ணீரில் கார் கழுவுங்கள் என்று நல்ல மனசோடு அறிவுரை சொல்கிறார்கள். புழுதியை இறக்க, டயர் கழுவ தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் உப்பு சாதாரணத் தண்ணீரைவிட அதிகம். கடைசி அலசலுக்கு அது வேண்டாம், அல்லது துளி காய்வதற்கு முன் துடைத்துவிட வேண்டும்.

புது கார் எடுக்கிறவர்கள் டெலிவரிக்கு முன்பே ஷோரூமில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், 'பாலிஷ் எதுவும் போடாதீங்க, நாங்க பாத்துக்கறோம்' என்று. கோட்டிங் பேக்கேஜ் எடுத்தால் அதற்கு முன் எந்த மெஷின், எந்த பேட் ஓட்டுவார்கள் என்று கேளுங்கள். புது பெயின்ட்டுக்கு ரோட்டரியும் காம்பவுண்டும் தேவையே இல்லை. தடிமன் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் கடை என்றால் வேலைக்கு முன்னும் பின்னும் ரீடிங் எழுதித் தரச் சொல்லலாம். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போதும் அதே மீட்டர் உதவும். எல்லா பேனலும் 110, 120 என்று காட்டும்போது ஒரு கதவு மட்டும் 250 என்றால் ரீபெயின்ட். 500, 600 என்றால் உள்ளே பட்டி. பானெட் மட்டும் 75, 80 என்றால் யாரோ நிறைய தேய்த்திருக்கிறார்கள். அந்தக் கார் இன்றைக்குக் கண்ணாடி மாதிரி மின்னலாம், அடுத்த இரண்டு வெயிலுக்குத் தாங்குமா என்பதுதான் கேள்வி. சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது, அங்கே வைத்துப் பார்த்துவிட்டுக் குழம்ப வேண்டாம்.

பக்கெட் மாறாமல் பேட் மாறி என்ன பயன்?

மெஷின், பேட், பாலிஷ், டேப், துணி எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் வரும். ஒரே ஒரு காருக்கு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் இது வீண் செலவு. நல்ல கடையில் டி.ஏ-வில் ஒரு மிதமான பாலிஷ் போட்டுக்கொள்வது மலிவு. வீட்டில் இரண்டு கார், அல்லது அபார்ட்மென்ட்டில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு மெஷின் என்றால் கணக்கு சரியாக வரும். பேட் மட்டும் அவரவருக்குத் தனி.

ஆனால் பாலிஷ் போட்ட மறுநாள் காலையில் அதே பக்கெட், அதே துணி வந்துவிட்டால்? இரண்டு மைக்ரானைக் கொடுத்து வாங்கிய பளபளப்பு மூன்று மாசம்கூடத் தாங்காது.

அபார்ட்மென்ட்டுகளில் கார் துடைக்கும் அண்ணன்கள்மேல் பழி போடுவது ரொம்ப சுலபம். காருக்கு மாசம் சில நூறு ரூபாய். ஆபீஸ் கிளம்பும் நேரத்துக்குள் இருபது, முப்பது கார்களை முடிக்க வேண்டும். தண்ணீருக்கு அசோஸியேஷனின் கட்டுப்பாடு, துணி அவரே எங்கிருந்தோ கொண்டு வரும் பழைய பனியன். இதில் அவர் வேறு எப்படித் துடைக்க முடியும்? பத்தாயிரம் ரூபாய்க்குக் கோட்டிங் போடுகிறவர்கள், அவருக்கு ஆறு மைக்ரோஃபைபர் துணி வாங்கித் தருவதில்லை.

தினமும் துடைக்கச் சொல்வதை முதலில் நிறுத்தலாம். கண்ணாடிகளை மட்டும் தினமும், உடம்பை வாரத்துக்கு இரண்டு நாள் போதும். உங்கள் காருக்கென்று தனியாக இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் துணி அலச வெறும் தண்ணீர். துடைப்பதற்கு முன் புழுதியை இறக்க ஒரு தோட்டத்து ஸ்பிரேயர், ஐந்து லிட்டர் இருந்தால் போதும். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் பணம். இத்தனையும் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் நாம். அதற்கு முந்தைய வருஷம் மிக்ஜாம் வெள்ளத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் மிதந்த பயம் அது. அவ்வளவு அக்கறை இருக்கிறவர்களுக்கு ஒரு ஸ்பிரேயர் பெரிய விஷயமில்லை.

மெஷின் வாங்கியே தீருவேன் என்பவர்கள் அவசரப்பட்டு அக்னி நட்சத்திரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். பாலிஷ் பேனலிலேயே காய்ந்து, மாவு மாதிரி பறக்கும். வடகிழக்குப் பருவமழை விடைபெற்றுப் பொங்கல் முடிந்த பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல நேரம். ஒரு சனிக்கிழமை காலையில் பானெட்டை மட்டும் முடியுங்கள், ஞாயிற்றுக்கிழமை ரூஃப். கதவுகள் அடுத்த வாரம். முடித்ததும் பேட்களை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, வெல்க்ரோ பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் காய வைத்து, ஜிப் லாக் கவரில் போட்டு வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் வரும்.